ஜின் யோங்: எந்தப் பதிப்பில் ஆரம்பிப்பது?

வாசகர் கேள்வி, 6 ஜனவரி

சீனத்து வாள்சண்டை நாவல்கள் படிக்கலாம் என்று பார்க்கிறேன். யாரைக் கேட்டாலும் ஜின் யோங் என்கிறார்கள். விசாரித்தால், சொந்தப் பேப்பர் விற்பதற்காகத் தினமும் ஒரு துண்டு தொடர்கதை எழுதியவர், பிறகு அதையே இரண்டு தடவை மாற்றி எழுதி மறுபடி விற்றவர் என்று தெரிகிறது. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஆர்ப்பாட்டம் நியாயம்தான் என்றால் எதில் ஆரம்பிப்பது, எந்தப் பதிப்பு?

6 ஜனவரி, இரவு 11.20

நீங்கள் சொன்ன இரண்டு குற்றச்சாட்டும் உண்மை. பள்ளித் தோழர் ஷென் பாவ்ஷினோடு சேர்ந்து 'மிங் பாவ்' நாளிதழை ஹாங்காங்கில் தொடங்கியது 20 மே 1959. அவருடைய மூன்று நாவல் கொண்ட 'கழுகு வீரர்கள்' வரிசையின் இரண்டாம் நாவல் முதல் இதழிலேயே ஆரம்பமாகிவிட்டது. செய்திக்காக அந்தப் பேப்பரை வாங்கியவர்கள் அப்போது குறைவு. கதைக்காக வாங்கினார்கள், பேப்பர் பிழைத்தது.

'கழுகு வீரர்கள்' முதல் நாவலில் ஆரம்பியுங்கள். ஆங்கிலத்தில் 2018 முதல் நான்கு பாகங்களாக வந்தது. தூங்கப் போகிறேன்.

6 ஜனவரி, இரவு 11.55

தூக்கம் வரவில்லை. "பேப்பர் விற்க எழுதினார்" என்று நான் சட்டென்று தலையாட்டியது தப்பு. பேப்பர் விற்க எழுதுவது என்பதே அவருக்கு முன்னால் தொடங்கிய கூத்து. 1954 ஜனவரி 17 அன்று ஹாங்காங்குக்குப் பக்கத்து மக்காவ் நகரில் ஒரு மேடைச் சண்டை. ஒரு பக்கம் தை-சி ஆசான் வூ கொங்யி, ஐம்பது தாண்டியவர். எதிரே வெண்கொக்குப் பாணி சான் ஹக்ஃபூ, முப்பத்தைந்து வயது. ஹாங்காங்கே கப்பல் பிடித்துப் போனது. இரண்டாவது சுற்றிலேயே நிறுத்திவிட்டார்கள். நடுவர் தீர்ப்பு என்ன தெரியுமா? "வெற்றி இல்லை, தோல்வி இல்லை, சமனும் இல்லை." காசு கட்டியவன் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

அந்தச் சூட்டோடு 'நியூ ஈவினிங் போஸ்ட்' மூன்றே நாளில் ஒரு வாள்சண்டைத் தொடரை இறக்கியது. எழுதியவர் லியாங் யூஷெங். அடுத்த வருஷம் இன்னொரு தொடர் தேவைப்பட்டபோது அதே அலுவலகத்தில் இருந்த சா லியாங்யோங்கைப் பிடித்தார்கள், ஜின் யோங்கின் நிஜப் பெயர் அதுதான். மொழிபெயர்ப்பு, சினிமா விமர்சனம் என்று இருந்த மனிதர். 8 பிப்ரவரி 1955, முதல் நாவல், முதல் அத்தியாயம்.

புனைபெயருக்கு அவர் மெனக்கெடவில்லை. பெயரின் கடைசி எழுத்தான 'யோங்' என்றால் பெரிய மணி. அந்தச் சீன எழுத்தை நடுவில் பிளந்தால் ஒரு பாதி 'உலோகம்', மறு பாதி 'சாதாரணம்'. இரண்டையும் சேர்த்தால் ஜின் யோங். பெயரிலேயே பாதி சாதாரணம் என்று எழுதிவைத்துக்கொண்டவரை நாம் என்ன புதிதாகக் குறை சொல்வது?

8 ஜனவரி

நீ யார், உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். எனக்குச் சீனம் தெரியாது. தொண்ணூறுகளில் சிங்கப்பூருக்கு வந்தேன், கப்பல் பட்டறையில் வெல்டர். 1998இல் இங்கே கழுகு வரிசை இரண்டாம் நாவலைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்கள். எங்கள் தங்குமிடத்தில் ஒரே டிவி. அதில் என்ன ஓடினாலும் எண்பது பேர் பார்ப்போம். மொழி புரியாது. ஒருத்தி வெள்ளைச் சேலை மாதிரி ஏதோ கட்டிக்கொண்டு கயிற்றின் மேல் தூங்குகிறாள், ஒருத்தனுக்கு ஒரு கை போகிறது, பெரிய பறவை ஒன்று அவனுக்கு வாத்தியாராக இருக்கிறது. அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த கதை.

மறுநாள் டீ நேரத்தில் எங்கள் ஃபோர்மேனிடம் கேட்டேன். ஹொக்கியன் பேசும் சீனர், எல்லாரும் அங்கிள் என்போம். இடது கையில் இரண்டு விரல் நுனி இருக்காது, பழைய விபத்து. "அவனுக்கு ஏன் அங்கிள் கை போச்சு?" என்றேன். கோப்பி ஓவை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "கோபக்காரப் பெண் கையில் கூர்மையான வாள். சேஃப்டி ஆபிசர் இல்லை" என்றார். பிறகு நாற்பது நிமிஷம் கதை சொன்னார். பத்து நிமிஷ டீ இடைவேளையில் நாற்பது நிமிஷம்! மேலே இருந்து கத்தல் வந்தது. அன்றிலிருந்து வருஷக்கணக்காக அவர் சொல்ல நான் கேட்டேன். பிறகுதான் ஆங்கிலத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆகவே நான் சொல்வதில் பாதி ஜின் யோங், பாதி அங்கிள்.

9 ஜனவரி

"போதிதர்மர் நம்ம ஆள், இந்தக் கதைகளில் வருகிறாரா?" என்று கேட்ட தம்பிக்கு.

ஆளாக வரமாட்டார், புத்தகமாக வருவார். ஷாவோலின் மடத்தில் நான்கு பாக லங்காவதார சூத்திரம் இருக்கிறது. அதன் வரிகளுக்கு இடையே போதிதர்மர் ஒரு மூச்சுப் பயிற்சி நூலை எழுதிவைத்திருக்கிறார், பெயர் 'ஒன்பது சூரியன்'. ஜுயே யுவான் என்ற அப்பாவி பிட்சு அதைச் சூத்திரம் என்றே நினைத்து வாசித்து வாசித்து, தான் பலசாலியானதுகூடத் தெரியாமல் இருக்கிறார். இரண்டு திருடர்கள் அதை அடித்துக்கொண்டு போய், மாட்டிக்கொள்ளும் நேரத்தில் ஒரு வெள்ளைக் குரங்கின் வயிற்றைக் கிழித்து உள்ளே வைத்துத் தைத்துவிடுகிறார்கள். பல பத்தாண்டு கழித்து, அடுத்த நாவலில், சாங் வூஜி என்ற பையன் வயிற்று வலியில் துடிக்கும் அந்தக் கிழக்குரங்குக்கு வைத்தியம் பார்க்கப் போய் நூலைக் கண்டெடுக்கிறான்.

இதில் எனக்குப் பிடித்த இடம் குரங்கு இல்லை. லங்காவதாரம் என்பதே 'இலங்கையில் இறங்குதல்'. புத்தர் இலங்கைக்கு வர, அழைத்து உபசரித்துக் கேள்வி கேட்பவன் யார்? சாட்சாத் இராவணன். போதிதர்மர் தன் சீடருக்குக் கொடுத்ததாக ஜென் மரபு சொல்லும் சூத்திரமும் இதேதான். ஹாங்காங் பேப்பர் தொடர்கதை ஒன்றின் ரகசிய ஏடு இராவணன் சபையில் போய் நிற்கிறது!

இன்னொன்று. அவருடைய பெரிய நாவல் ஒன்றின் தலைப்பு எட்டுக் கணங்களைக் குறிக்கும்: தேவர், நாகர், யட்சர், கந்தர்வர், அசுரர், கருடர், கின்னரர், மகோரகர். சீன வாசகனுக்கு அடிக்குறிப்பு தேவைப்படும் இடத்தில் நமக்குத் தேவைப்படாது. அந்த நாவலில் இந்த எட்டில் யாரும் நேரே வருவதில்லை, எல்லாரும் மனிதர்கள்தான். அசுரன் மாதிரிக் கோபம், கந்தர்வன் மாதிரி மயக்கம், அவ்வளவுதான்.

கழுகு வரிசையில் இந்தியத் துறவி ஒருவரும் உண்டு. சண்டை தெரியாது, மருந்து தெரியும். விஷமுறிவு மூலிகையைத் தேடிக் கண்டுபிடித்த நொடியில் ஊசி பாய்ந்து சாகிறார், முகத்தில் சிரிப்போடு. பெயர்கூட வைக்கவில்லை பாவி மனிதர்.

11 ஜனவரி

திருத்தம். போதிதர்மர் எழுதினார் என்று நான் சொன்னது பழைய பதிப்புக் கணக்கு. பிந்தைய பதிப்பில் அதை மாற்றிவிட்டார் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வதே சரி. புதிய பதிப்பில் எழுதியவர் பெயரில்லாத ஒரு துறவி. குடிப் போட்டியில் எதிராளியை ஜெயித்து, பரிசாக வேறொரு ரகசிய நூலைப் படிக்கும் வாய்ப்புப் பெற்றவர். போச்சு, நம்ம ஆள் என்று காலரைத் தூக்கிவிட்டது இரண்டே நாள்தான்.

சரி, பதிப்பு விவகாரத்துக்கு வந்துவிட்டோம். மூன்று இருக்கின்றன. பேப்பரில் வந்தது முதலாவது. 1970இல் தொடங்கி 1980 வரை பத்து வருஷம் உட்கார்ந்து திருத்தியது இரண்டாவது. 1999 முதல் 2006 வரை, எழுபத்தைந்து வயதுக்கு மேல், மறுபடி திருத்தியது மூன்றாவது. பெரும்பாலான வாசகர்கள் மனசில் இருப்பது இரண்டாவது. மூன்றாவதைத் திட்டுவது சீன வாசகர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. கழுகு வரிசையில் வரும் கிழக்குத் தீவு ஆசான் ஹுவாங் யாவோஷி, தன் சிஷ்யை மேல் லேசாக மனம் வைத்திருந்தார் என்று ஆக்கினார். எட்டுக் கண நாவலில் கடைசியில் சேர்ந்த காதலர்களைப் பிரித்தேவிட்டார். நாற்பது வருஷம் கழித்து விவாகரத்து!

முதல் திருத்தத்தில் அவர் வெட்டியதையும் கேளுங்கள். பேப்பர் பதிப்பில் சிவப்புக் குட்டிப் பறவை ஒன்று, நெருப்புக் குரங்கு ஒன்று, தவளைகளும் தேரைகளும் போடும் யுத்தம் ஒன்று இருந்தன. எல்லாம் காலி. பாம்பு பிடிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள், சின் நன்சின். நாயகன் ஒருவனின் தாயே அவள்தான். அவளை மொத்தமாக அழித்து, தாய்மையை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்.

அங்கிளுக்கு அந்தச் சிவப்புப் பறவை போனதில் இன்னும் ஆறாத கோபம்.

13 ஜனவரி

நேற்று அங்கிள் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. இந்த இழையைப் பற்றிச் சொன்னதும் உள்ளே போய் ஒரு கணக்குப் புத்தகம் கொண்டுவந்தார். நீள வாக்கில், சிவப்பு முதுகு, பழைய மளிகைக் கடைகளில் இருக்குமே அது. வரவு செலவுக் கோடுகளின் மேல் பேப்பர் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன. எட்டுக் கண நாவல் 1963 முதல் 66 வரை ஹாங்காங்கிலும், இங்கே 'நன்யாங் சியாங் பாவ்' பேப்பரிலும் சேர்ந்தே வந்தது. அங்கிளுக்குப் பத்து வயதிலிருந்து பதின்மூன்று. சோற்றுக் கஞ்சியில் ஒட்டியது, அதனால் வெள்ளிப்பூச்சி அரித்திருக்கிறது. சில துணுக்குகளில் எழுத்தைவிட ஓட்டை அதிகம்.

அங்கிளின் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரப்பர் ஆலையில் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் படித்து முடித்த பேப்பரை மாலையில் வாங்கி வந்து, இவர் உரக்கப் படிக்க வேண்டும், அம்மா சமைத்துக்கொண்டே கேட்பார்.

ஒரு துணுக்கைத் தொட்டுக் காட்டினார். "இங்கேதான் அந்தப் பெண் குருடானாள்." ஆ ஸீ என்ற பெண், குறும்பு என்று சொல்ல முடியாத அளவுக்குக் கொடூரமானவள். அவளைக் குருடாக்கியது ஜின் யோங் இல்லை. 1965இல் அவர் ஐரோப்பா போனபோது தொடர் நின்றுவிடக்கூடாதே என்று நண்பர் நி குவாங்கிடம் கொடுத்துவிட்டுப் போனார். நி குவாங் சுமார் நாற்பதாயிரம் எழுத்து எழுதினார். அவருக்கு இந்தப் பெண்ணைக் கண்டாலே ஆகாது, கண்ணைப் பிடுங்கிவிட்டார். திரும்பி வந்த ஜின் யோங் என்ன செய்தார்? திருத்திய பதிப்பில் நண்பர் எழுதியதை எடுத்துவிட்டார், குருட்டுத்தனத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அதை வைத்தே அந்த நாவலின் கொடுமையான காதல் கதையைக் கட்டினார். அடுத்தவன் செய்த விபத்தை விதியாக்கிய வித்தை அது. தொடர்கதை எழுதுகிறவனுக்குத்தான் வரும்.

14 ஜனவரி

சின்னச் செய்தி. ஊருக்குப் போகும்போது நாம் பெட்டி நிறைய வாங்கிப் போகும் கோடாலித் தைலம் இருக்கிறதே, 1928இல் அந்தத் தைலத்தைத் தொடங்கிய லியுங் யுன் சீயும் ஜின் யோங்கும் சேர்ந்து 18 மார்ச் 1967இல் சிங்கப்பூரில் ஒரு பேப்பர் ஆரம்பித்தார்கள். 'ஷின் மின்'. இன்றும் வருகிறது. என் பாட்டி மூட்டுவலிக்குத் தேய்த்த தைலத்துக்கும் வாள்சண்டை மன்னனுக்கும் ஒரு ரத்த சம்பந்தம் இருக்கிறது என்று தெரிந்த நாளில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஒருவரும் அசரவில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

15 ஜனவரி

"காற்றடிக்கிற பக்கம் சாய்ந்த ஆள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அரசியலைச் சொல்கிறார். இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

அப்பா சா ஷூச்சிங், செஜியாங் மாகாணம் ஹைனிங்கில் நிலக்கிழார். 1951இல் எதிர்ப்புரட்சியாளர் என்று சொல்லிச் சுட்டுக் கொன்றார்கள். மகன் அப்போது ஹாங்காங்கில், அதுவும் இடதுசாரிப் பேப்பரில் வேலை. பிறகு வெளியே வந்து சொந்தப் பேப்பர் தொடங்கினார். 1962இல் சீனாவிலிருந்து அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது 'மிங் பாவ்' அதைப் பக்கம் பக்கமாக எழுதியது. கால்சட்டையை அடகு வைத்தாவது அணுகுண்டு செய்வோம் என்று சீன அமைச்சர் சென் யீ பேசியதற்கு, "எங்களுக்குக் கால்சட்டை போதும்" என்ற தோரணையில் தலையங்கம் எழுதி, பழைய தோழர்களின் பேப்பர்களிடம் மொத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். 1967இல் ஹாங்காங்கில் இடதுசாரிகள் நடத்திய கலவரத்தில் லாம் பன் என்ற வானொலிக்காரரை எரித்துக் கொன்றார்கள். கொலைப் பட்டியலில் இவர் பெயரும் இருந்தது. கொஞ்ச நாள் சிங்கப்பூருக்கு வந்துவிட்டார்.

அந்த வருஷம் தொடங்கியதுதான் 'சிரித்துத் திரியும் நாடோடி'. நல்லவன் வேஷம் போடும் குரு யுவே புச்சுன், தலைவரைப் புகழ்ந்து கோஷம் போட்டே பிழைக்கும் ஒரு கூட்டம். கலாச்சாரப் புரட்சி நடந்துகொண்டிருந்தபோது இதைப் படித்தவனுக்கு உரை தேவைப்பட்டிருக்காது. சைகோனில் இருபத்தொரு பேப்பர்கள் ஒரே சமயத்தில் இதைப் போட்டன. தென் வியட்நாம் நாடாளுமன்றத்தில் ஒருவரை ஒருவர் "நீ யுவே புச்சுன்" என்று திட்டிக்கொண்டார்களாம், நாவலின் பின்னுரையில் அவரே எழுதியிருக்கிறார்.

இத்தனைக்கும் பிறகு 1981இல் பெய்ஜிங் போய்ச் சீனத் தலைவர் டெங் சியாவ்பிங்கைப் பார்த்துக் கைகுலுக்கினார். 1985இல் அப்பா மேல் போட்ட வழக்கு தவறு என்று ஹைனிங் நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம், ஹாங்காங் 1997இல் சீனாவிடம் திரும்பிய பிறகு நடக்க வேண்டிய அடிப்படைச் சட்டத்தை எழுதும் குழுவில் சேர்ந்தார். 1988இல், நேரடித் தேர்தலை மெதுவாகக் கொண்டுவரலாம் என்று அவர் வைத்த திட்டத்தைக் கண்டு மாணவர்கள் மிங் பாவ் அலுவலக வாசலில் பேப்பரைக் கொளுத்தினார்கள். 1989 மே மாதம், பெய்ஜிங்கில் ராணுவச் சட்டம் வந்ததும் குழுவிலிருந்து விலகினார்.

சாய்ந்தாரா? சாய்ந்தார், நிமிர்ந்தார், மறுபடி சாய்ந்தார். 1988 திட்டம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அப்பாவைச் சுட்ட அரசோடு அறுபது வயதில் ஒரே மேசையில் உட்கார்ந்ததைச் சாய்வு என்று ஒரு வார்த்தையில் என்னால் முடிக்க முடியவில்லை.

16 ஜனவரி

நேற்று எழுதியதில் விட்டது. நாயகர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள், மனிதர் நகர்ந்த தூரம் தெரியும். முதலில் கழுகு வரிசையின் குவோ ஜிங்: நாடு, மக்கள், உயிரைக் கொடு. பிறகு எட்டுக் கண நாவலின் சியாவ் ஃபெங்: பிச்சைக்காரர் படையின் தலைவன், தான் வெறுத்த எதிரி இனத்தில் பிறந்தவன் என்று முப்பது வயதுவாக்கில் தெரியவருகிறது. இரண்டு பக்கமும் போர் வேண்டாம் என்று எல்லைக் கணவாயில் செத்துப் போகிறான். கடைசியில், 1972இல் முடிந்த நாவலில், வெய் சியாவ்பாவ். விலைமகளிர் விடுதியில் பிறந்தவன், எழுத்தறிவு சுழியம், சூதாடுவான், பொய் சொல்லுவான், ஏழு மனைவி. அவன் உருப்படியாகக் கற்ற ஒரே வித்தை ஓடுவது. சண்டைக்கதை எழுதிப் புகழ் பெற்றவர் சண்டை தெரியாதவனை நாயகனாக்கிவிட்டுப் பேனாவை மூடிவைத்தார். அதன் ஐம்பது அத்தியாயத் தலைப்புகளும் மூதாதை சா ஷென்ஷிங்கின் கவிதை வரிகள். பரம்பரைக் கவிதையை ஒரு போக்கிரி தலையில் கிரீடமாக வைத்த குசும்பு வேறு யாருக்கு வரும்?

18 ஜனவரி

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மூத்த மகன் சுவான்ஷியா, 1976 அக்டோபரில் நியூயார்க்கில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். பத்தொன்பது வயது, கொலம்பியாவில் மாணவன். அப்பா அப்போது 'விண்வாளும் நாகக்கத்தியும்' நாவலைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் முன்னே சொன்ன குரங்கு வயிற்று நாவல்தான். அதில் கிழ ஆசான் சாங் சான்ஃபெங்கின் கண்ணெதிரே அவருடைய பிரியமான சிஷ்யன் தன்னை மாய்த்துக்கொள்கிறான். வளர்ப்பு மகன் செத்தான் என்று கேள்விப்பட்டு ஷியே சுன் அழும் இடமும் உண்டு.

1977இல் எழுதிய பின்னுரையில் இந்த இரண்டு இடத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அந்தத் துக்கத்தை மேலோட்டமாக எழுதிவிட்டேன், நிஜ வாழ்க்கையில் இப்படி இருக்காது, எழுதும்போது எனக்குப் புரிந்திருக்கவில்லை என்கிறார். மகனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பறவையை வெட்டியவர், பாம்புப் பெண்ணை அழித்தவர், நண்பர் எழுதியதைத் தூக்கியவர். இந்த இரண்டு பக்கத்தைத் திருப்பி எழுத அவருக்கு ஒரு ராத்திரி போதும். அந்தப் பதிப்பில் எழுதவில்லை. அப்படியே விட்டுவிட்டு, கடைசியில் அது தப்பு என்று மட்டும் சொன்னார்.

19 ஜனவரி

கேட்டவருக்காக மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பேப்பரைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விற்றார். பல்கலைக்கழகத்தில் புலத் தலைவராக வைத்தபோது இவருக்கு என்ன படிப்பு என்று கேட்டார்கள். கேம்பிரிட்ஜ் 2005இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதை மாட்டிக்கொண்டு சும்மா இருக்கலாம். இருக்கவில்லை, அங்கேயே மாணவராகச் சேர்ந்து, தாங் வம்சத்தில் அரியணை யாருக்குப் போனது என்று ஆய்வு செய்து, 2010இல், 86 வயதில், உண்மையான டாக்டர் பட்டமே வாங்கினார். அதையும் ஒரு திருத்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 30 அக்டோபர் 2018, ஹாங்காங்கில் மரணம், 94 வயது.

22 ஜனவரி

கேள்வி கேட்ட நண்பர் முதல் பாகம் வாங்கி அறுபது பக்கம் தாண்டிவிட்டாராம், பெயர்கள் குழம்புகின்றனவாம். எல்லாருக்கும் குழம்பும். ஏழு குருமார் வரும் இடத்தில் ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், குருடர் ஒருவர், குண்டர் ஒருவர் என்று. பதிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கையில் கிடைத்ததைப் படியுங்கள்.

அங்கிள் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் காலி. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரில் மீன் சுற்றிவிட்டார், கதை இருந்த மூலை ஊறிப்போய்விட்டது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அம்மாவிடம் சொல்லப் பயம். ஈரப் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு, படிக்கிற மாதிரியே தானாக ஒரு கதை விட்டிருக்கிறார். அதில் ஆ ஸீயைக் கொன்றேவிட்டார், அவருக்கும் அவளைப் பிடிக்காது. மறுநாள் பேப்பரில் அவள் உயிரோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"மீன் பொரித்துக்கொண்டே திட்டினாள்" என்றார் அங்கிள். "'இந்த ஆளுக்கு நேற்று எழுதினது இன்றைக்கு ஞாபகம் இருப்பதில்லை.'"